வொர்க் ஃப்ரம் ஹோம்... லாபம் ஊழியருக்கா, நிறுவனத்துக்கா? ஒரு கால்சென்டர் சொன்ன பதில்!

``வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு யாரு ஒழுங்கா வேலை பார்ப்பாங்க?'' வொர்க் ஃப்ரம் ஹோம் என்றதும் பல மேனேஜர்கள் மனதில் எழும் முதல் சந்தேகம் இதுதான். கொரோனாவுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டது, சீனாவின் சிட்ரிப் நிறுவனம்.

ஷாங்காயைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்ரிப், விமான டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் பதிவு செய்துதரும் டிராவல் நிறுவனம். ஒருபக்கம் அலுவலக வாடகை எகிறியது. மறுபக்கம், கால்சென்டர் ஊழியர்கள் அடிக்கடி வேலையை விட்டுப் போனார்கள். எனவே 2010-ல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூம் குழுவுடன் சேர்ந்து ஒரு சோதனையில் இறங்கியது.

விருப்பமும் தகுதியும் இருந்த 249 பேரில், பிறந்த தேதி இரட்டைப்படையாக உள்ளவர்களுக்கு வாரம் 4 நாள் வீடு, ஒருநாள் அலுவலகம். மற்றவர்களுக்கு வழக்கம்போல அலுவலகம். 9 மாதங்கள் இப்படியே ஓடின.

கிடைத்த லாபம் என்ன?

* வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13% கூடியது. இடைவேளையும் மெடிக்கல் லீவும் குறைந்ததே முக்கியக் காரணம். சத்தமில்லாத சூழலில், நிமிடத்துக்கு அதிக அழைப்புகளையும் பேச முடிந்தது.
* வேலையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கை பாதியானது.
* ஓர் ஊழியருக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் நிறுவனத்துக்கு மிச்சம்.

ஒரு ட்விஸ்ட்!

சோதனை முடிந்து, `இனி எங்கே வேலை பார்க்கிறீர்கள்?' என்று கேட்டபோது, வீட்டிலிருந்தவர்களில் சுமார் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். காரணம், தனிமை. இன்னொரு சிக்கலும் இருந்தது. நன்றாக வேலை பார்த்தும், அதற்கேற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கண்ணில் படாதவர் மேனேஜரின் நினைவிலும் இல்லை!

அதே நிறுவனம் பின்னர் 1,612 ஊழியர்களிடம், வாரம் 2 நாள் வீடு, 3 நாள் அலுவலகம் என்ற `ஹைப்ரிட்' முறையைச் சோதித்தது. 2024-ல் வெளியான முடிவுகளின்படி, வேலையை விடுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை. அதிகம் பலன் பெற்றவர்களில் பெண்களும் தொலைவிலிருந்து வருபவர்களும் அடக்கம்.

நம் ஊரில்?

குழந்தை பிறந்தபின் வேலையா, வீடா என்று தவிக்கும் பெண்கள் இங்கே ஏராளம். வேலையின் தன்மை இடம்கொடுத்தால், பேறுகால விடுப்புக்குப் பிறகும் நிறுவனத்துடன் பேசி வீட்டிலிருந்து பணிபுரிய, 2017-ல் மகப்பேறு பலன் சட்டத்தில் செய்த திருத்தம் வழிசெய்தது. பலருக்கு இது தெரிவதில்லை. கேட்டால்தானே கிடைக்கும்!

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், முடித்த வேலைகளை வாரம் ஒருமுறை மேனேஜருக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள். அலுவலகம் போகும் நாளில் டீம் மீட்டிங்கைத் தவறவிடாதீர்கள். மேனேஜர்களும், யார் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைவிட, யார் என்ன முடித்தார் என்று பார்த்தால், இரு தரப்புக்கும் லாபம்தான்!