மூன்று தலைமுறை நாடாக்கள்

அலுவலகமும் நாடாவும் பிரிக்கவொண்ணாதவை. முன்னாளில் கோப்புகளைக் கட்டிவைத்தது துணி நாடா. பின்னர் அக்கோப்புகளில் அடங்கிய செய்திகளையே தன்மேல் தாங்கி நிற்கக் காந்த நாடா வந்தது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் கணக்கு, நிருவாகம் முதலிய பணிகளில் அமர்ந்திருக்கும் நம்மவர் சிலருக்கு, மாலையில் நாடா மாற்றும் பொறுப்பும் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. கலைப் பட்டதாரியும் மொழிபெயர்ப்பாளனுமாகிய எனக்கும் அது அவ்வாறே வந்தது. சர்வர் எனப்படும் தலைமைக் கணிப்பொறி என் மேசைக்கு அடுத்த அறையில் இருந்தது என்பதன்றி, அப்பொறுப்புக்கு வேறு தகுதி எனக்கு இருந்ததாக நினைவில்லை.

நகத்தளவுத் தகட்டில் நூலகத்தையே அடக்கும் இக்காலத்தில் நாடா எதற்கு என நேயர்கள் வினவலாம். 1952-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் கணிப்பொறி நாடாக் கருவியை வெளியிட்டது. அந்நாள் தொட்டு நாடா வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. எல்.டி.ஓ. எனும் வகையில் 2000-ஆம் ஆண்டு வெளிவந்த முதல் தலைமுறை நாடா ஒன்று 100 ஜிகாபைட் கொண்டது. 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை நாடாவோ 18 டெராபைட் கொள்ளும். ஆயினும் நாடாவின் பெருஞ்சிறப்பு அதன் கொள்ளளவு அன்று. கருவியிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்த நாடாவை வலையமைப்பின் வழியே எவராலும் தொட இயலாது. தவறான கட்டளையும், பணம் பறிக்கும் தீநிரலும் அதனிடம் செல்லா.

இதற்குச் சான்று வேண்டின், 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் நிகழ்ந்ததைக் காண்க. கூகுள் நிறுவனம் தன் மென்பொருளில் செய்த ஒரு மாற்றத்தில் பிழை நேர்ந்து, ஜிமெயில் பயன்படுத்துவோரில் ஒரு சிறு பகுதியினரின் அஞ்சல்கள் யாவும் மறைந்துபோயின. பல இடங்களில் வைத்திருந்த பிரதிகளும் ஒன்றோடொன்று இணைந்திருந்தமையால் அவற்றையும் அப்பிழை பற்றிக்கொண்டது. இறுதியில் அவ்வஞ்சல்களை மீட்டுத் தந்தவை இணைப்பின்றித் தனியே கிடந்த நாடாக்களே.

எனினும் நாடா இருந்தால் மட்டும் போதாது. அதனைச் சுழற்சி முறையில் பயன்படுத்தல் வேண்டும். இதனை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் ஒரே ஒரு நாடா இருந்தது. ஒவ்வோர் இரவும் அதே நாடாவின்மேல் அன்றைய பிரதி பதியும்; முந்தைய நாளின் பிரதி அழியும். எங்கள் பிரிவில் ஆறாண்டுகளாகத் தொகுத்து வந்த ஆட்சிச்சொல் அடைவு ஒன்று இருந்தது. சட்டச் சொற்களுக்கும் நிருவாகச் சொற்களுக்கும் தமிழ் நிகர்களை மூவர் மாறி மாறி அமர்ந்து சேர்த்த அடைவு அது. ஒரு நாள் அதனைத் திறந்தபோது பாதிக்கு மேல் வெறும் கட்டங்களும் கோடுகளுமாக இருந்தன. அக்கோப்பு பழுதுற்று மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. இடையில் அதனைத் திறப்பார் இல்லை. நாடாவோ தன் கடமையில் சிறிதும் வழுவாது, பழுதுற்ற கோப்பையே இரவுதோறும் நல்ல கோப்பின் மேல் எழுதி வந்திருந்தது. ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் அச்செடுத்து வீட்டில் வைத்திருந்த பழைய படியால் ஏறக்குறைய பாதியை மீட்டோம். எஞ்சியவை போனவை போனவையே.

நேற்றைய பிரதி மட்டும் கையில் இருப்பின், நேற்று நேர்ந்த இழப்பையே ஈடு செய்யலாம். பிழைகளோ பெரும்பாலும் பிந்தியே கண்ணுக்குப் புலப்படுகின்றன. ஆகவே அண்மைக் காலத்தை நெருக்கமாகவும், தொலைக் காலத்தை இடைவெளி விட்டும் காத்துவைக்கும் முறை ஒன்று ஏற்பட்டது. அதற்குப் ‘பாட்டன், தந்தை, மகன்’ முறை என்று பெயர். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஒன்றாக நான்கு நாடாக்கள், இவை மகன்கள், அடுத்த வாரம் அதே கிழமையில் மீண்டும் எழுதப்படும். வெள்ளிக்கிழமைகளுக்கு நான்கு நாடாக்கள், இவை தந்தையர், ஏறக்குறைய ஒரு மாதம் தங்கும். மாதத்தின் கடைசி வெள்ளியன்று மட்டும் அம்மாதத்திற்குரிய நாடாவைப் போடுதல் வேண்டும். அத்தகைய பாட்டன்மார் பன்னிருவர். ஓராண்டு அசையாது இருப்பர். ஆக 20 நாடாக்களில் ஓராண்டின் வரலாறு அடங்கிவிடுகிறது. கணக்கு அலுவலகமாயின் மார்ச்சு 31-ஆம் நாள் இரவு தனியே ஒரு நாடாவில் பிரதி எடுத்து, அதனைச் சுழற்சியில் சேர்க்காது எடுத்துவைத்தல் நன்று. வெள்ளிதோறும் முழுப் பிரதியும், ஏனைய நாள்களில் மாறியவற்றின் பிரதியும் எடுப்பது வழக்கம். நேரம் இதனால் மிகுதியும் குறையும். ஆனால் வியாழனன்று ஒரு விபத்து நேரின், முந்தைய வெள்ளியின் நாடாவோடு இடைப்பட்ட நாள்களின் நாடாக்கள் அனைத்தும் கைக்கு வேண்டும் என்பதை மறத்தலாகாது.

இவ்விருபதையும் சர்வருக்கு மேலுள்ள தட்டிலேயே அடுக்கி வைக்கும் பழக்கத்தைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். தீயோ வெள்ளமோ வந்தால் மூலமும் படியும் ஒருங்கே அழியும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்ததை அந்நகரில் வாழும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தந்தையரும் பாட்டன்மாரும் வேறொரு கட்டடத்தில் வாழ்வதே முறை. நீண்ட நாள் வைக்கும் நாடாவுக்கு 16 முதல் 25 டிகிரி வரையுள்ள வெப்பநிலையும் மிகாத ஈரமும் ஏற்றவை. தில்லியின் மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் நாடாவை விட்டுச் செல்வது அதனைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும். வெளியிலிருந்து கொணர்ந்த நாடாவை உடனே கருவியில் இடாமல், ஒரு நாள் அறையிலேயே இருக்கவிட்டுப் பின்னர் இடுக.

எங்கள் அலுவலகத்திலும் பிறகு 20 நாடாக்கள் வாங்கப்பட்டன, பதிவேடும் திறக்கப்பட்டது. ‘பணி வெற்றியுற முடிந்தது’ என்ற செய்தி காலைதோறும் திரையில் தோன்ற, நாங்கள் மனநிறைவோடு கையொப்பம் இட்டு வந்தோம். நான்கு மாதம் கழித்து, புதிய அதிகாரி ஒருவர் ஒரு கடிதத்தை நாடாவிலிருந்து எடுத்துக் காட்டுமாறு கேட்டார். எடுக்க முடியவில்லை. இடையில் வாங்கிய இரண்டு கணிப்பொறிகளின் பெயர்களைப் பிரதி எடுக்கும் பட்டியலில் எவரும் சேர்த்திருக்கவில்லை. பட்டியலில் இருந்தவற்றை எடுத்து முடித்ததும் இயந்திரம் வெற்றி என்றது. அதன் கூற்றில் பொய்யில்லை. நற்பேறாக மூலக் கடிதம் அக்கணிப்பொறியிலேயே இருந்தது.

அன்று முதல் எங்கள் பதிவேட்டில் ‘மீட்டுப் பார்த்தது’ என்று ஒரு பத்தி கூடிற்று. மாதத்தின் முதல் திங்களன்று ஏதேனும் ஒரு நாடாவை எடுத்து, அதிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பைத் தனி இடத்தில் இறக்கி, திறந்து, கண்ணால் படித்து, தேதியும் கோப்பின் பெயரும் எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். இறக்கும்போது பழைய இடத்திலேயே இறக்கினால் இன்றைய கோப்பு அழியும். ஆதலின் தனி இடம். நல்ல நாளில் இதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். கோப்பு வாராத நாளில், வரும்வரை வீடு திரும்புவதில்லை.