கேக் இல்லாமல் பிறந்தநாளா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவர்)

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புத்தாடை உடுத்தி, கோயிலுக்கு அழைத்துச் சென்று, பாயசம் வைத்துக் கொண்டாடிய பிறந்தநாள், இன்று மெழுகுவர்த்தி ஏற்றிக் கேக் வெட்டும் விழாவாகிவிட்டது. பட்டணத்தில் மட்டுமல்ல, பேருந்து நாளுக்கு இருமுறை வந்து போகும் சிற்றூர்களிலும் இதுவே வழக்கம். காலத்திற்கேற்ற மாற்றம் தவறன்று. ஆனால் ஒன்றிரண்டு வயதுக் குழந்தையின் வாயில் நாம் ஆசையோடு ஊட்டும் துண்டில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

கேக்கில் என்ன இருக்கிறது?

ஆங்கிலேயர் வீட்டுச் சமையலில் ‘பவுண்டு கேக்’ என்று ஒன்று உண்டு. மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை ஆகிய நான்கையும் ஒவ்வொரு பவுண்டு சேர்ப்பதால் வந்த பெயர் அது. அதாவது கலவையில் கால் பங்கு சர்க்கரை. 100 கிராம் துண்டில் 25 கிராம்! மேலே பூசும் ‘பட்டர் கிரீ’மில் வழக்கமாக வெண்ணெயைப் போல் இரு மடங்கு சர்க்கரை சேர்ப்பார்கள். 30 கிராம் பூச்சில் 20 கிராம் சர்க்கரை. ஆக மொத்தம் 45 கிராம்.

நாம் உணவில் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல், நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டிற்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டிற்குள் இருந்தால் மேலும் நன்று என்றும் உலக நல நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 கலோரி தேவை. ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தரும். எனவே 25 கிராமே உச்ச வரம்பு. ஒரு துண்டுக் கேக்கோ ஏறத்தாழ இரண்டு நாள் சர்க்கரையை ஒரே வேளையில் கொடுத்துவிடுகிறது! 6 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்குச் சர்க்கரை மிகுந்த உணவே ஆகாது என்று அதே நிறுவனம் 2023இல் கூறியுள்ளது. அப்படியானால் முதல் பிறந்தநாள் கேக் யாருக்காக?

“ஒரு நாள்தானே!” என்பார்கள். ஒரு நாளால் பெருங்கேடு விளையாது, உண்மைதான். ஆனால் தெருவில் எத்தனை குழந்தைகளோ அத்தனை பிறந்தநாள்கள். பிஞ்சு நாக்கு பழகும் சுவையே பின்னாளிலும் நாடும் சுவையாகிறது. பற்களோ இன்னும் பாவம். வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும்.

வெல்லம் போட்டால் சரியாகுமா?

“சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்ட கேக்” என்று இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள். வேதியியல் இதை ஏற்காது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியும் அதுவே. வெல்லத்தில் சிறிதளவு தாதுப் பொருள்கள் உண்டு என்பதற்காகச் சர்க்கரை, சர்க்கரை அல்லாததாகிவிடுமா? தேனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் தரலாகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம்.

பிறகு என்னதான் செய்வது?

குழந்தைக்கு வேண்டியவை எவை? வட்டமாக ஒன்று, வண்ணமாக ஒன்று, வெட்டுவதற்கு ஒன்று, சுற்றி நின்று கைதட்ட நான்கு பேர். இவற்றில் சர்க்கரை எங்கே வருகிறது? வடிவத்தை வைத்துக்கொண்டு பொருளை மாற்றுவதே வழி.

எங்கள் அக்கா மகனின் இரண்டாவது பிறந்தநாளுக்கு இப்படிச் செய்தோம். உப்புக் குறைவாகப் போட்டுப் புளிக்கவைத்த இட்லி மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் பீட்ரூட் சாறு கலந்தோம். எண்ணெய் தடவிய வட்டத் தட்டுகளில் இரண்டு விரல்கடை உயரம் ஊற்றி, இருபது நிமிடம் ஆவியில் வேகவைத்தோம். ஆறியபின் கவிழ்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே மசித்த வாழைப்பழம் தடவி, மேலே தேங்காய்த் துருவல் தூவினோம். வெள்ளையும் சிவப்புமாய்க் கேக்கே தோற்றது!

இதில் ஓர் அறிவியல் ஒற்றுமையும் உண்டு. பேக்கரிக் கேக்கில் பேக்கிங் பவுடர் வெளியிடும் வாயுவும், இட்லி மாவில் நுண்ணுயிரிகள் வெளியிடும் வாயுவும் கார்பன் டை ஆக்சைடுதான். இரண்டும் உப்புவது அதனால்தான். இட்லியில் உளுந்தின் புரதம் கூடுதல் லாபம்.

கேழ்வரகுப் புட்டை வாழைப்பழத்துடன் பிசைந்து கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்க்கலாம். கேழ்வரகில் அரிசியைப் போல் பல மடங்கு கால்சியம் உண்டு. தர்ப்பூசணியை வட்டமாக நறுக்கி, விதை நீக்கி அடுக்கலாம். ஆனால் முழு வேர்க்கடலை, முந்திரி, முழுத் திராட்சை ஆகியவற்றைச் சிறு குழந்தைகளுக்கான உணவில் அலங்காரமாக வைக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

சுவையைவிடப் பெரிய தடை

அன்று எங்கள் அத்தை கேட்டார்: “காலேசு படிக்கிற பய இருக்கிற வீட்டுல இட்லியவா வெட்டுறது? கேக்கு வாங்க வக்கில்லன்னு ஊரு பேசாதா?” அக்கா தலைகுனிந்து நின்றது. எனக்கு அந்தக் கேள்வி சிறுமையாகத் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்களைப் போன்றோர் வீட்டில் கேக் வெறும் பண்டமன்று. ‘நாங்களும் யாருக்கும் குறைந்தவர்களல்லர்’ என்பதற்கான சான்றிதழ். ஒரு நாள் கூலியை அதற்குக் கொடுப்பது அறியாமையால் அன்று, மானத்தால். இதை உணராமல் சத்துக் கணக்கை மட்டும் சொன்னால் யார் காதில் ஏறும்?

ஆதலால், நண்பர்களே, இம்மாற்றம் வசதி படைத்தோர் வீட்டிலும் படித்தோர் வீட்டிலும் முதலில் நிகழட்டும். பேராசிரியர் வீட்டுக் குழந்தை கேழ்வரகுக் கேக் வெட்டினால், அது வறுமை ஆகாது, வழிகாட்டுதல் ஆகும். படித்தவர் செய்வதை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. கேக்கை அடியோடு ஒதுக்க வேண்டுவதில்லை. வளர்ந்த பிள்ளைகள் எப்போதேனும் ஒரு சிறு துண்டு உண்ணட்டும். பல் முளைத்துக் கொண்டிருக்கும் மழலைக்கு மட்டுமாவது, அதன் உடல் கேட்பதைக் கொடுப்போம். ஊர் கேட்பதை அல்ல.