ஓராண்டில் ஏழு வாயில்கள்

1880-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் நிகழ்ந்த ஓர் உரையாடலோடு இப்பேச்சைத் தொடங்குகிறேன். அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையருக்கு அப்போது வயது 25. அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறார் என்று வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முறையாகப் பாடங்கேட்டவர் ஐயர். ஆதலின் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என அவர் சொன்ன பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. முதலியாருக்கோ அதில் வியப்பு உண்டாகவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். ஐயர் அதனைப் படித்ததில்லை. அந்த ஒரு வினாவின் பயனாக 1887-இல் சிந்தாமணியும், 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் ஐயர் பதிப்பாக வெளிவந்தன.

இவ்வரலாற்றை ஐயரவர்கள் தம்முடைய ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பகுதியை நான் படித்து முடித்த இரவு, முதலியாரின் வினா என்னை நோக்கியும் எழுந்தது. ‘நீ என்ன படித்திருக்கிறாய்?’ ஒரு தாள் எடுத்து எழுதிப் பார்த்தேன். தாள் நிறைந்தது, ஆனால் மனம் நிறையவில்லை. எழுதியவை எல்லாம் நாவல்கள், சிறுகதைகள், கட்டுரைகள். ஏறக்குறைய எல்லாமே கடந்த 100 ஆண்டுகளுக்குள் பிறந்தவை. பள்ளியில் மனப்பாடம் செய்த பாட்டுகள் உண்டே என்று ஒரு சமாதானம் தோன்றிற்று. அவற்றை நான் மதிப்பெண்ணுக்காகப் படித்தேனேயன்றிப் பாட்டுக்காகப் படிக்கவில்லை என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. இளமையில் ஐயர் அறியாதிருந்தது மிகப் பழைய நூல்களை. நானோ என் காலத்துக்கு முற்பட்ட எதனையுமே அறியாதவனாக இருந்தேன்.

ஆகவே ஓராண்டுக்கு ஒரு படிப்பு நோன்பை மேற்கொண்டேன். ஏழு நூல்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தது, வெவ்வேறு வடிவத்தது. நோன்புக்கு மூன்று விதிகள் வகுத்துக்கொண்டேன். காலவரிசை மாறாமல் படிக்கவேண்டும் என்பது ஒன்று. துணுக்குகளாகப் பொறுக்காமல் நூலை முழுமையாகப் படிக்கவேண்டும் என்பது இரண்டு. ஒவ்வொரு நூலும் முடிந்தபின், அது என்ன சொல்கிறது என்று மட்டும் எழுதாமல், என்னை எப்படிப் படிக்கச் செய்தது என்றும் ஒரு பக்கம் எழுதவேண்டும் என்பது மூன்று. இந்த மூன்றாம் விதிதான் எனக்குப் பெரும்பயன் அளித்தது.

முதல் நூல் குறுந்தொகை. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகள். பெரும்பாலும் நான்கு அடி முதல் எட்டு அடி வரை உள்ள சிறு பாட்டுகள். நாள் ஒன்றுக்கு முப்பது பாட்டு வீதம் படித்தால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று கணக்கிட்டேன். ஐந்தாம் நாள் முடிவில் 150 பாட்டுகள் படித்திருந்தேன்; ஒன்றும் நினைவில் இல்லை. எல்லாம் ஒரே பாட்டுப் போலத் தோன்றின. குறை நூலில் இல்லை, நாவலைப் படிக்கும் வேகத்தில் நான் அதனைப் படித்ததில் இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். பேசுபவள் தலைவியா, தோழியா? யாரிடம் பேசுகிறாள்? யார் மறைந்து நின்று கேட்கிறார்கள்? பாட்டில் வரும் மலையும் கடலும் பறவையும் அவள் வாய் திறந்து சொல்லாத எதனைச் சொல்கின்றன? இவ்வளவும் கேட்டுக்கொண்டபின் நாளுக்கு மூன்று பாட்டே போதுமானதாயிற்று. இரண்டு வாரம் என்று எண்ணியது நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்நூலைப் படித்துக்கொண்டே அடுத்த நூல்களையும் தொடங்கவேண்டியதாயிற்று. செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்று சில புலவர்களுக்கு அவர்தம் பாட்டில் வந்த தொடரே பெயராகிவிட்டது. ஒரு தொடரால் ஒருவர் பல நூற்றாண்டு வாழ்கிறார் என்றால், அதனை ஒரு நொடியில் கடந்து செல்வது தகுமோ?

இரண்டாவது சிலப்பதிகாரம். மூன்று காண்டம், முப்பது பிரிவு. கதை எனக்கு முன்பே தெரியும்; ஆதலின் கதையைத் தேடி விரைந்தேன். மாதவியின் நடன அரங்கேற்றத்தைக் கூறும் அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழாசிரியன் இவர்தம் இலக்கணங்களும், 8 கோல் நீளமும் 7 கோல் அகலமும் 1 கோல் உயரமும் உடைய அரங்கின் அமைப்பும் விரிவாக வருகின்றன. இவை எனக்கு எதற்கு என்று விட்டுச் சென்றேன். பின்னர்க் கானல்வரி வந்தது. கடற்கரையில் கோவலன் யாழிசைத்துப் பாடுகிறான், மாதவியும் பாடுகிறாள். அவள் பாட்டைக் கேட்ட அவன், அவள் உள்ளம் வேறொருவனை நாடுகிறது என்று கருதிப் பிரிந்து போகிறான். காப்பியத்தின் பெருந்துன்பம் அனைத்தும் ஒரு பாட்டைத் தவறாகக் கேட்டதனால் விளைகின்றது! மாதவி எத்தகைய கலைஞர் என்பதை அறியாமல் இதனை எங்ஙனம் உணர்வது? நான் தாண்டிச் சென்ற காதைக்கு வெட்கத்தோடு திரும்பினேன். காப்பியத்தில் கதை நிற்கும் இடமும் கதைதான் என்பதை அன்று கற்றேன்.

மூன்றாவது, முதற் குலோத்துங்க சோழன் காலத்தில் சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி. கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போரைப் பாடுவது. இதனைத் தனியறையில் வாய் மூடிப் படித்தபோது சொற்கள் கிடந்தனவேயன்றி நடக்கவில்லை. உரக்கப் படித்தேன், படை புறப்பட்டது! சந்தம் மாறும்போது குதிரையின் நடையும் யானையின் நடையும் மாறக் கண்டேன். எனினும் ஒன்றை மறைக்கமாட்டேன். போரைப் புகழும் நூலை இன்று மகிழ்ந்து படிக்கலாமா என்னும் ஐயம் எனக்கு இருந்தது. போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைக்கும் பகுதியைப் படித்தபோது சிரிப்பும் அருவருப்பும் ஒருங்கே உண்டாயின. வெற்றியைப் பாட வந்த நூலே வெற்றியின் விலை இன்னது என்பதையும் காட்டிவிடுகிறது. என் ஐயம் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஐயத்தோடு ஒரு நூலைச் சுவைக்கலாம் என்பதை அறிந்தேன்.

நான்காவது திருக்குற்றாலக் குறவஞ்சி. 18-ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றியது. வசந்தவல்லி என்னும் தலைவி குற்றாலநாதர்மீது காதல் கொள்கிறாள். குறிசொல்லும் குறத்தி வருகிறாள். அவளைத் தேடிச் சிங்கன் வருகிறான். இஃது ஏட்டில் அடங்கும் நூலன்று. பாடியும் ஆடியும் நிறைவு பெறுவது. வீட்டிலுள்ளோர் சிலரைச் சேர்த்து, ஒருவர் சிங்கனாகவும் ஒருவர் சிங்கியாகவும் படித்தோம். நகைகளைப் பற்றி அவன் ஐயுற்றுக் கேட்பதும் அவள் விடையளிப்பதும் வீட்டுக் கூடத்தையே அரங்கமாக்கின. அரசரையும் தெய்வத்தையும் பாடிய புலவர் மரபு, மலைநாட்டுக் குறத்தி ஒருத்தியை அரங்கின் நடுவே நிறுத்தி, அவள் வாயாலேயே அவள் மலைவளத்தைப் பேசவைத்த பெருமை இவ்வடிவத்துக்கு உரியது.

ஐந்தாவது ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேக்குத் துபாஷியாக விளங்கிய பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதியது. இங்கே என் இரண்டாம் விதி முறிந்தது. பல தொகுதிகளாக உள்ள அந்நூலை முழுவதும் படிக்க இயலவில்லை. பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த 1746-ஆம் ஆண்டுப் பகுதியோடு அமைந்தேன். கப்பல் வருகை, சரக்கு விலை, வீட்டு விசேடம், அரசியற் சூழ்ச்சி எல்லாம் ஒரே பக்கத்தில் கலந்து வருகின்றன; நடையோ அக்காலத்துப் பேச்சு நடை. எது பெரிய செய்தி, எது சிறிய செய்தி என்று எழுதியவருக்கே அன்று தெரியாது. வரலாற்று நூல் எழுதுபவருக்கு முடிவு தெரியும். நாட்குறிப்பு எழுதுபவருக்கோ நாளை என்ன நடக்கும் என்பது தெரியாது. அந்த அறியாமையை அவரோடு பகிர்ந்துகொள்வதே அவ்வடிவத்தைப் படிக்கும் முறை.

ஆறாவது பிரதாப முதலியார் சரித்திரம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதி 1879-இல் வெளிவந்த, தமிழின் முதல் நாவல். சிந்தாமணியை நினைப்பூட்டிய முதலியாரைப் போல வேதநாயகம் பிள்ளையும் முன்சீபாக இருந்தவர். நீதிமன்றங்களுக்குத் தமிழ் இவ்வகையில் கடன்பட்டிருக்கிறது! நாவல்தானே, பழகிய வழிதானே என்று எண்ணிப் புகுந்தேன். கதைக்குள் கிளைக்கதையும், கதையை நிறுத்தி நீதியுரையும் வந்தபோது பொறுமை இழந்தேன். பிறகுதான் ஓர் உண்மை புலப்பட்டது. நாவல் என்பது இன்னதென்று தமிழில் எவரும் காட்டியிராத நாளில் அவர் எழுதினார். கதை கேட்டுப் பழகிய மக்களுக்காக எழுதினார். ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆளும் பகுதியைப் படித்தபோது, பெண்கள் கல்வி கற்கவேண்டும் என்று வாதாடிய ஒருவர், அவ்வாதத்தைக் கதையாக்கித் தந்திருப்பது விளங்கிற்று.

ஏழாவது புதுமைப்பித்தன் சிறுகதைகள். அவற்றுள் 1934-இல் வெளிவந்த ‘பொன்னகரம்’ என்னும் கதையை முன்பும் படித்திருக்கிறேன். சில பக்கங்களே உள்ள கதை. காயமுற்றுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வேண்டும். கையில் காசில்லாத ஏழைப் பெண் நெறி தவற நேர்கிறது. கற்பைப் பற்றி ஓயாமல் பேசும் உலகத்தை நோக்கி ஆசிரியர் கசப்போடு ஒரு சொல் வீசி முடிக்கிறார். முன்பு படித்தபோது இதனை ஒரு துயரக்கதை என்று மட்டும் எண்ணினேன். கண்ணகியோடு மூன்று காண்டம் நடந்து வந்தபின் படித்தபோதோ அது வேறு கதையாயிற்று. அந்தச் சினம் எந்த மரபோடு வாதிடுகிறது என்பது இப்போதுதான் என் காதில் விழுந்தது. அதுமட்டுமன்று. சொல்லாமல் விடுவதைக் கொண்டு சொல்லும் கலையைக் குறுந்தொகையில் பழகியிராவிட்டால், அக்கதையின் மௌனத்தையும் நான் கவனித்திருக்கமாட்டேன். பழமையைப் படித்ததனால் எனக்குப் பழமை மட்டும் கிடைக்கவில்லை; நான் நன்கு அறிந்ததாக எண்ணியிருந்த புதுமையும் அப்போதுதான் கிடைத்தது.

மாணவ நண்பர்களே! ஏழு நூல்கள் என்பது பெரிய எண்ணிக்கை அன்று. உங்களில் பலர் ஓராண்டில் ஐம்பது நூல்கள் படிப்பவர்களாக இருக்கலாம். ஆயினும் ஐம்பதும் ஒரே வடிவமானால், ஒரே வாயிலின் வழியே ஐம்பது முறை போய் வந்ததற்கு ஒப்பாகும். குறுந்தொகைக்கு நிதானம் வேண்டும். பரணிக்குச் செவி வேண்டும். குறவஞ்சிக்குத் துணை வேண்டும். நாட்குறிப்புக்குப் பொறுமை வேண்டும். எந்த நூலும் தன்னைப் படிக்கும் முறையைத் தானே கற்பிக்கும். கற்றுக்கொள்ள நாம் இசையவேண்டும், அவ்வளவே. ஒரு நூல் சுவைக்கவில்லை என்றால், நூலைக் குறை கூறுமுன் படித்த வேகத்தை மாற்றிப் பாருங்கள். பின்னர் உரக்கப் படித்துப் பாருங்கள். பதவுரை துணையாக இருக்கட்டும். ஆனால் மூலத்தை ஒருமுறை படித்தபின் உரையைத் திறவுங்கள்.

இதில் சுவைக்கு மேற்பட்ட பொறுப்பு ஒன்றும் உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று முழுமையாக இல்லை. சில பாட்டுகளே எஞ்சியுள்ளன. குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதியதாகச் சொல்லப்படும் பழைய உரை கிடைக்கவில்லை. படிப்பார் இல்லாத ஏடு படியெடுப்பாரையும் இழக்கிறது; பின்பு கரையானுக்கு இரையாகிறது. இன்று நூல்கள் அச்சில் இருக்கின்றன. ஆகையால் அச்சமில்லை என்று நாம் இருந்துவிடலாகாது. நூல் அலமாரியில் இருந்தும், அதனைப் படிக்கும் முறை மறந்துபோகுமானால் அதுவும் ஒருவகை அழிவே. ஏடு அழியாமல் காக்க ஒரு சாமிநாதையர் தம் வாழ்நாளையே கொடுத்தார். படிக்கும் முறை அழியாமல் காக்க நாம் ஆண்டில் சில மாலைகளைக் கொடுத்தால் போதும்.

இன்றிரவே ஒரு தாளில் நீங்கள் படித்த நூல்களை எழுதிப் பாருங்கள். அதில் எந்தக் காலம் இல்லை, எந்த வடிவம் இல்லை என்று தேடுங்கள். இல்லாததிலிருந்து ஒன்றை நாளைக்கு நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். என் தாளில் இன்னும் பிள்ளைத்தமிழ் இல்லை; தூது இல்லை; புதுக்கவிதையும் இல்லை. அடுத்த ஆண்டுக்கான வாயில்கள் எனக்கும் காத்திருக்கின்றன.