ட்ரோமா

ட்ரோமா என்பது இருவகைக் காயங்களைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல் ஆகும். மருத்துவத்தில் இது விபத்து, தாக்குதல் முதலியவற்றால் உடலில் ஏற்படும் காயத்தைக் குறிக்கின்றது. உளவியலில், அச்சுறுத்தும் நிகழ்வொன்றால் உள்ளத்தில் ஏற்பட்டு நீடிக்கும் பாதிப்பைக் குறிக்கின்றது. இரண்டாவது பொருள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே உருவானது.

சொற்பிறப்பு

காயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இது பெறப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் மருத்துவச் சொல்லாக ஆங்கிலத்தில் நுழைந்தது. அமெரிக்கர் பலர் இதனை ட்ராமா என ஒலிப்பர். எனினும் நாடகத்தைக் குறிக்கும் டிராமா என்ற சொல்லுடன் இதற்குத் தொடர்பில்லை. அது செய்தல் எனப் பொருள்படும் வேறொரு கிரேக்க வினையிலிருந்து வந்தது.

உடலிலிருந்து உள்ளத்துக்கு

இப்பொருள் மாற்றத்துக்குத் தொடருந்து விபத்துகள் ஒரு முக்கிய காரணமாகும். விபத்தில் தப்பிய சிலர், வெளிக்காயம் எதுவும் இல்லாதபோதும் வலி, நடுக்கம், தூக்கமின்மை போன்றவற்றால் துன்புற்றனர். இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் 1866இல் வெளியிட்ட நூலில், அதிர்வினால் முதுகுத்தண்டு பாதிக்கப்படுவதே இதற்குக் காரணம் என்றார். நிறுவனங்கள் இழப்பீடு வழங்க வேண்டுமா என்பது வழக்குமன்றங்களில் இதைப் பொறுத்தே அமைந்தது. தொடருந்து நிறுவனம் ஒன்றின் மருத்துவரான எர்பர்ட் பேச், அச்சம் மட்டுமே இவ்வறிகுறிகளைத் தோற்றுவிக்கக்கூடும் என 1883இல் வாதிட்டார்.

1889இல் செருமானிய நரம்பியலாளர் எர்மன் ஒப்பன்கைம் இத்தகைய நோய்களை ட்ரோமா சார்ந்த நரம்புநோய்கள் என அழைத்தார். பாரிசில் சார்கோவும், வியன்னாவில் பிராய்டும் இக்கருத்தை உள்ளத்தின் காயமாக விரிவாக்கினர்.

போரும் ஏற்பும்

முதல் உலகப்போரில் பல வீரர்கள் பேச்சிழந்தும், நடுக்கமுற்றும் காணப்பட்டனர். 1915இல் மருத்துவர் சார்லசு மையர்சு இந்நிலையைக் குண்டதிர்ச்சி என்ற பெயரில் விவரித்தார். ஆயினும் இது கோழைத்தனம் என்றே பலரால் கருதப்பட்டது. படையைவிட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காக மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட 306 பிரித்தானியப் பேரரசுப் படைவீரருக்கு 2006இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களுள் சிலர் இப்பாதிப்புக்கு உள்ளானவர்கள் எனக் கருதப்படுகின்றது.

வியட்நாம் போருக்குப் பின்னர், 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது கையேட்டின் மூன்றாம் பதிப்பில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தச் சீர்குலைவைத் தனி நோயாகச் சேர்த்தது. இதன்மூலம், துன்பத்துக்குக் காரணம் பாதிக்கப்பட்டவரின் பலவீனம் அன்று, அவருக்கு நேர்ந்த நிகழ்வே என்ற கருத்து வலுப்பெற்றது.

இன்றைய வழக்கு

அன்றாட ஆங்கிலத்தில் தேர்வுத் தோல்வி, காதல் முறிவு போன்ற மனவருத்தங்களும் இச்சொல்லால் சுட்டப்படுகின்றன. நோய் அறுதியிடலில் இதன் எல்லை குறுகியது. 2013ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு மரணம், கடுங்காயம், பாலியல் வன்முறை அல்லது இவற்றின் அச்சுறுத்தலையே கருத்திற் கொள்கின்றது. அத்தகைய நிகழ்வை எதிர்கொண்டவர் அனைவருக்கும் இந்நோய் ஏற்படுவதில்லை.

தமிழில்

உளவியற் பொருளில் இச்சொல் மனவடு, உளக்காயம், மன அதிர்ச்சி எனப் பலவாறு தமிழில் வழங்குகின்றது. வடு என்பது காயம் ஆறியபின் எஞ்சும் தழும்பு; கிரேக்க மூலச்சொல் குறிப்பதோ காயத்தையே. மருத்துவமனைகளின் ட்ரோமா பிரிவு, விபத்தில் காயமுற்றோருக்கான பிரிவாகும். அங்கு இச்சொல் இன்றும் தன் பழைய பொருளிலேயே வழங்குகின்றது.