பார்க்காமலே சுடும் பசிலிஸ்க்: கற்பனைப் பொருளை விளக்கி எழுதுவது எப்படி?

'நீ அறிந்த ஒரு கற்பனை வாகனத்தை விளக்கி எழுதுக' என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். நம்ம பசங்க பலர், 'அது மிகவும் சக்தி வாய்ந்தது, அதை யாராலும் வெல்ல முடியாது' என்று நான்கு வரி எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிடுவார்கள். அது பாராட்டு. விளக்கம் என்றால் எது, எப்படி, ஏன், எங்கே தடுமாறும் என்ற நான்குக்கும் பதில் இருக்க வேண்டும்.

இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987இல் வெளியிட்ட வார்ஹேமர் 40,000 என்ற மேசை விளையாட்டின் உலகில் வரும் 'பசிலிஸ்க்' பீரங்கி வண்டி அது.

1. பெயர்

பசிலிஸ்க் என்பது ஐரோப்பியப் பழங்கதைகளில் பார்வையாலேயே கொல்லும் பாம்பு. நமக்கும் இது புதிதில்லை. மணிமேகலையில் வரும் திட்டிவிடம் என்ற பாம்பை நினைத்துக்கொள்ளுங்கள். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் ஒருவகைப் பெரிய பீரங்கிக்கே இந்தப் பெயரை வைத்தார்கள். இங்கிலாந்தின் டோவர் கோட்டையில் 1544இல் வார்க்கப்பட்ட ஒன்று இன்றும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், விளையாட்டில் வரும் பசிலிஸ்க் எதிரியைப் பார்க்காமலே கொல்லும்!

2. எது?

தமிழில் 'பீரங்கி' என்ற ஒரே சொல்லைப் பலவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். அதனால் வகையை முதலில் பிரித்துச் சொல்ல வேண்டும். டாங்கி முன்வரிசைக்குப் போய், எதிரியை நேராகப் பார்த்துச் சுடும். தானே நகரும் பீரங்கி பின்னால் நின்று, மலைக்கும் கட்டடத்துக்கும் மேலாகக் குண்டை வளைவாக அனுப்பும். பசிலிஸ்க் இரண்டாவது வகை.

சிங்கப்பூர் ஆயுதப் படையின் ப்ரைமஸ் பீரங்கியும் இதே இனம்தான். 155 மில்லிமீட்டர் குழல், 4 வீரர்கள். தேசிய சேவையில் பீரங்கிப் படைக்குப் போன அண்ணன்மார் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அழகாக விளக்குவார்கள். ஒரு வேறுபாடு உண்டு. ப்ரைமஸில் பீரங்கியை இயக்குபவர்களைச் சுற்றிலும் கவசம் இருக்கும். கைமேரா என்ற படைவண்டியின் அடித்தளத்தில் கட்டப்பட்ட பசிலிஸ்க்கிலோ அவர்கள் திறந்த மேடையில் நிற்கிறார்கள்.

3. எப்படி?

இதன் முக்கிய ஆயுதம் எர்த்ஷேக்கர், அதாவது 'நிலநடுக்கி'. விளையாட்டின் பல பதிப்புகளில் இதன் அதிகபட்ச வீச்சு 240 அங்குலம், அதாவது 20 அடி. ஆடும் மேசையோ நெடுங்காலம் வழக்கமாக 6 அடிக்கு 4 அடியாகவே இருந்தது. அப்படியானால் மேசையில் எங்கே ஒளிந்தாலும் தப்ப முடியாது.

4. எங்கே தடுமாறும்?

இங்குதான் விளையாட்டை வடிவமைத்தவர்களின் அறிவு தெரிகிறது. மூன்று தடைகளை வைத்தார்கள்.

முதலாவது, 2017க்கு முந்தைய சில பதிப்புகளில் மறைமுகமாகச் சுடும்போது 36 அங்குலத்துக்குள் இருப்பவரைச் சுட முடியாது. வளைந்து போகும் குண்டு காலடியில் விழாது இல்லையா? எனவே எதிரி கிட்டே ஓடிவந்துவிட்டால் பிழைத்தான்.

இரண்டாவது, குறி தவறும். 2017க்கு முந்தைய சில பதிப்புகளில், 5 அங்குல வட்டத் தகடு ஒன்றை இலக்கின்மீது வைத்துவிட்டு, சிறப்புப் பகடை ஒன்றை உருட்டுவார்கள். அதன் 6 பக்கங்களில் 2இல் 'பட்டது' என்ற குறி. மீதி 4இல் அம்புக்குறி. அம்பு வந்தால், இரண்டு சாதாரணப் பகடைகளின் கூட்டுத்தொகை எத்தனையோ அத்தனை அங்குலம் அந்தத் திசையில் குண்டு விலகும். சராசரியாக 7 அங்குலம்! இலக்கைப் பார்த்துச் சுட்டால் சுடுபவரின் திறன் எண்ணை அதில் கழிக்கலாம். பார்க்காமல் சுட்டால் கழிவே இல்லை. விலகிய குண்டு சொந்தப் படைமீது விழுந்தாலும் விழுந்ததுதான்.

மூன்றாவது, கவசம். அந்தப் பதிப்புகளில் முன்பக்கக் கவசம் 12, பக்கவாட்டிலும் பின்னாலும் 10தான். மேலே வேறு திறந்திருக்கிறது.

5. ஏன் இந்தத் தடைகள்?

தடையே இல்லாத பீரங்கி இருந்தால் அதை வைத்திருப்பவர் முதல் சுற்றிலேயே வென்றுவிடுவார், ஆட்டம் முடிந்தது. தடை இருப்பதால் ஒருவர் யோசிக்கிறார்: எங்கே நிறுத்துவது? யாரைக் காவலுக்கு வைப்பது? எதிராளியும் யோசிக்கிறார்: எவ்வளவு வேகமாக நெருங்குவது?

இதே உலகை வைத்து 2012இல் வந்த 'ஒன்லி வார்' என்ற பாத்திரமேற்று விளையாட்டில் இது இன்னும் சுவையாகிறது. அங்கே நீங்கள் தளபதி இல்லை. ஒரு சாதாரணச் சிப்பாய். பீரங்கி வண்டிக் குழுவில் ஒருவர் ஓட்டுநர், இன்னொருவர் குறிபார்ப்பவர் என்று பிரித்துக்கொள்ளலாம். 'குண்டு போகும் இடத்தில் நம்ம ஆள் இருக்கிறானா?' என்ற கேள்விக்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

வகுப்பறைக்கு

ஆசிரியர்களே, மாணவர்களைக் குழுவாகப் பிரித்துச் சொந்தமாக ஒரு வாகனத்தைப் படைக்கச் சொல்லுங்கள். நிபந்தனை ஒன்றே: ஒவ்வொரு வலிமைக்கும் ஒரு தடை எழுத வேண்டும். 'ஆனால்', 'எனினும்', 'அதனால்', 'ஆகவே' என்ற இணைப்புச் சொற்கள் தாமாகவே வந்துவிடும். வேறு எப்படி அந்த இரண்டையும் இணைப்பார்கள்?

மாணவர்களே, தேர்வில் எழுதி முடித்ததும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். வகையைத் தெளிவாகச் சொன்னேனா? 'மிகப் பெரிய' என்று எழுதிய இடத்தில் ஓர் அளவு கொடுத்தேனா? இதன் குறை என்ன, ஏன் என்று காரணம் காட்டினேனா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், அந்த வாகனத்தைக் கண்ணால் பார்க்காத திருத்துநரும் அதை ஓட்டிப் பார்த்ததுபோல் உணர்வார்.