உஷார்! சோடா மிஷினுக்குப் பின்னால் நிற்கும் சிலிண்டர்

தேக்காவைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளில், பானக் கடைகளில் வேலை பார்க்கும் தம்பிமார்களே, தங்கைகளே, அடுத்த சிலிண்டரில் கை வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடை நடத்தும் அண்ணன்மார்கள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

குழாயைத் திறந்தால் கோலாவும் சோடாவும் பீரும் நுரைத்துக்கொண்டு வருகின்றன என்றால், பின்னால் எங்கோ ஒரு கரியமில வாயு சிலிண்டர் நிற்கிறது. சிராங்கூன் சாலை, ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கத்துப் பழைய கடைவீடுகளில் இடத்துக்கு என்றுமே தட்டுப்பாடு. படிக்கட்டின் அடியிலோ ஜன்னலே இல்லாத ஸ்டோர் ரூமிலோ அதை நிறுத்திவிடுகிறோம். ஏர்கான் குளிர் போய்விடக் கூடாதென்று கதவையும் சாத்திவிடுகிறோம். ஆள் உயிரைக் குடிப்பது அந்தச் சாத்திய கதவுதான்.

"தீப்பிடிக்காத வாயு, நாமே மூச்சில் விடுவது, இதில் என்ன பயம்?" என்று பலர் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். சாதாரணக் காற்றில் இந்த வாயு 0.04 விழுக்காடுதான். 4 விழுக்காட்டைத் தொட்டாலே உடனடி உயிராபத்து என்று தொழில் பாதுகாப்பு வல்லுநர்கள் வகுத்திருக்கிறார்கள். 10 விழுக்காட்டைத் தாண்டினால் சீக்கிரமே நினைவு தப்பிவிடும். 1 கிலோ திரவம் வாயுவாக விரிந்தால் 500 லிட்டருக்கு மேல் போகும். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரமுள்ள அறையில் ஒரு 10 கிலோ சிலிண்டர் முழுதும் கசிந்தால், உள்ளே இருக்கும் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த வாயுவாகிவிடும். சமையல் கேஸ் கசிந்தால் மூக்கே சொல்லிவிடும். அதற்கென்றே அதில் வாசனை சேர்க்கிறார்கள். இதற்கு நிறமும் இல்லை, எச்சரிக்கும் வாசனையும் இல்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தேங்கும். கீழே விழுந்தவர் அதற்குள்ளேயே கிடப்பார்.

2011 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துப் பூலர் என்ற ஊரில், ஒரு துரித உணவகத்தின் பான மிஷினுக்குப் போகும் குழாய் கசிந்தது. வாயு சுவருக்குள் தேங்கிப் பெண்கள் கழிவறைக்குள் புகுந்தது. 80 வயது வாடிக்கையாளர் ஒருவர் இறந்துபோனார். இன்னும் பலர் மயங்கி, மூச்சுத் திணறினார்கள். சிலிண்டரை அவர்கள் யாரும் தொடக்கூட இல்லை.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். 21 டிகிரியில் சிலிண்டருக்குள் அழுத்தம் 57 பார் அளவில் இருக்கும். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் திரவமாகவே நிற்காது. அதற்கு மேல் சூடு ஏற ஏற அழுத்தம் கிடுகிடுவென ஏறும். சிங்கப்பூரில் பல நாள் மதியம் 31 டிகிரியைத் தாண்டுகிறது. பின்சந்து வெயிலிலோ, அடுப்புப் பக்கத்திலோ, நிறுத்திய வேனுக்குள்ளோ சிலிண்டரை விடாதீர்கள்.

மாற்றும்போது முதலில் கதவைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள். பழைய சிலிண்டரின் வால்வை முழுதாக மூடி, ரெகுலேட்டரில் தங்கிய வாயுவை வெளியேற்றி, முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டிவிடுகிறவர்களை நினைத்துத்தான் எனக்குப் பதறுகிறது. காலி என்று நினைத்த சிலிண்டரிலும் அழுத்தம் மிச்சமிருக்கும். முள்ளைப் பார்த்து மிச்சத்தைக் கணக்கிடவும் முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் அநேகமாக ஒரே இடத்தில்தான் நிற்கும். எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புதியதை நேராக நிறுத்திச் சங்கிலியால் கட்டுங்கள். படுக்க வைத்தால் ரெகுலேட்டருக்குள் திரவம் பாயும்; அதன் குளிர் கைத்தோலைச் சுட்டுவிடும். அடிவரை குழாய் இறங்கிய சிலிண்டரும் இப்படித்தான் திரவத்தைத் தள்ளும், அது பான மிஷினுக்கு ஆகாது. தேய்ந்த வாஷரை மறுபடி போடாதீர்கள். வால்வின் வாய்க்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று மெதுவாகத் திறந்து, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் மூடிவிட்டு, சப்ளை செய்கிறவரைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் சோடா போடும் சிறிய மிஷின் வைத்திருப்பவர்களும் அலட்சியமாக இருக்க வேண்டாம். அதன் சிலிண்டரில் ஏறக்குறைய 400 கிராம் வாயு உண்டு. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் பாம் ஷெல்டர் இருக்கிறது. பலருக்கு அதுதான் ஸ்டோர் ரூம். தடித்த சுவரும் இரும்புக் கதவும் உள்ள அந்தச் சிறிய அறையில் ஒரு சிலிண்டர் கசிந்தாலே 4 விழுக்காட்டை நெருங்கிவிடலாம். காற்றோட்டமான, நிழலான இடத்தில் வையுங்கள்.

முதலாளிமார்களே, சிலிண்டர் நிற்கும் அறைக்குக் கரியமில வாயுவை அளக்கும் அலாரமே வேண்டும். ஆக்சிஜன் அலாரம் போதாது: இந்த வாயு 5 விழுக்காடு சேர்ந்தாலும் ஆக்சிஜன் 20.9-இலிருந்து 19.9-க்கு மட்டுமே இறங்கும், 19.5-இல் ஒலிக்கும் அலாரம் வாய்மூடிக் கிடக்கும். அலாரத்தின் திரையை அறைக்கு வெளியே தெரியும்படி வையுங்கள். உள்ளே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்வது பெரிய ஆபத்து.

கடைசியாக ஒன்று. உள்ளே ஒருவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் மனம் பொறுக்காது, ஓடிப்போய்த் தூக்கத் தோன்றும். போகாதீர்கள். இப்படிப் போனவர்கள்தான் இரண்டாவதாக, மூன்றாவதாக விழுகிறார்கள். வெளியே நின்றபடியே கதவை அகலத் திறந்துவிடுங்கள், மற்றவர்களை அப்புறப்படுத்துங்கள், 995-ஐ அழைத்துக் கரியமில வாயுக் கசிவு என்று தெளிவாகச் சொல்லுங்கள். மூச்சுக் கருவியோடு வரும் குடிமைத் தற்காப்புப் படையினர் உள்ளே போகட்டும்.