பதினெட்டாம் பயணம்

திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில், திருமந்திரத்தின் உட்பொருளை அறிய விழைந்தார் ராமாநுஜர். அதனை உபதேசிக்க வல்லவர் திருக்கோஷ்டியூர் நம்பி. அவ்வூர் அரங்கத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நடந்தே சென்ற காலம். ஒவ்வொரு முறையும் நம்பி திருப்பி அனுப்பினார். 18-ஆம் முறையே உபதேசம் கிட்டியது என்பது குருபரம்பரை வரலாறு.

கால்களின் உறுதியைக் காட்டிலும் இதில் உள்ளத்தின் கனிவே பெரிது. "யார்?" என்ற வினாவுக்கு முதலில் "நான்" என்றவர், நிறைவில் "அடியேன்" என்றாராம், செவிவழியாக வழங்கும் செய்தி இது. மறுப்புகள் அவரைத் தளர்த்தவில்லை, பக்குவப்படுத்தின.

விடியலில் எழுதல், நாள்தோறும் பாராயணம், பிள்ளைகளின் படிப்புக்கெனச் சிறுசேமிப்பு என இல்லறத்தார் எத்தனையோ சங்கற்பம் செய்துகொள்கின்றனர். நான்காம் நாள் தவறியதும் எல்லாம் முறிந்ததென விட்டுவிடுவோரே மிகுதி. ஒரு தவணை தவறினால் சேமிப்புக் கணக்கை மூடிவிடுவதில்லை; மறுமாதம் சேர்த்துக் கட்டுகிறோம். மனக்கட்டுப்பாட்டுக்கும் அதுவே வழி. தவறாதிருத்தல் சிலருக்கே கூடும். தவறிய மறுநாளே மீண்டும் தொடங்குதல் எவருக்கும் கூடும்.

திருவரங்கத்தில் உடையவர் சந்நிதியில் கைகூப்பும்போது, பயனின்றித் திரும்பிய அந்த 17 பயணங்களையும் சேர்த்தே சேவிப்போம். அவை இல்லையேல் 18-ஆவது இல்லை.